வலக்காதின் கீழ்

தோம்பலூர் ஏரிக்கரையில்
பத்து நாளாக ஒரே கல்.
கீழ்த்தட்டில் போர்.
நடுத்தட்டில் அவனைத் தோளில் ஏந்திப் பறக்கும் இரு பெண்கள்.
மேல்தட்டில் லிங்கத்தின் முன் கால் மடக்கி அவன்.
உச்சியில் நிலா, ஞாயிறு.
இந்தச் சீமையில் செத்த எல்லாருக்கும் இதுதான்.
முகம் யாரும் கேட்பதில்லை.
மீசை வைப்பேன், கொண்டை வைப்பேன்,
ஆள் யாரென்பது எழுத்தில் வரும்:

*ஸ்வஸ்திஸ்ரீ. இலைப்பாக்க நாடாளும்
கடம்பமாராயற்கு யாண்டு ஒன்பதாவது
பெங்களூர்ச் சண்டையில் நிரை மீட்டுப் பட்டான்
எறிபடைக் கேதன்.
இவன் மனையாள் மாளவ்வைக்கு உதிரப்பட்டி
ஏரிக்குக் கீழ் நன்செய் இரண்டு கண்டகம்
சந்திராதித்தவரை.*

போன மாடு முப்பத்தொன்று.
வந்தது பதினேழு.
அதை வெட்டச் சொல்லவில்லை.

அன்றிரவு பந்தமில்லாமல் ஓர் ஆள்.
உளி திருட வந்தவனென்று சுத்தியலை எடுத்தேன்.
குரல் கேட்டதும் மண்ணில் விழுந்தேன்.
"எழு. விளக்கு வேண்டாம்."
விரலால் கல்லைத் தடவிக்கொண்டே போனான்,
குதிரை, வில், அறுந்த கொடி.
விரல் முகத்தில் நின்றது.
"இது யார்?"
"கேதன், தேவரே."
"இல்லை."

பிறகு சொல்லத் தொடங்கினான்,
வரிக்கணக்கு ஒப்பிக்கிறவன் போல.
புருவம் நடுவில் சேராது.
மூக்கு மல்லுக்கட்டில் உடைந்து ஆறியது.
கீழுதடு சற்றுத் தடிப்பு,
சிரிக்கலாமா என்று யோசிக்கும்போதே சிரித்துவிடும்.
வலக்காதின் கீழ் ஒரு மச்சம், எள்ளளவு.

ஒரு வில்லாளியின் காதடி எள்
அரசனுக்கு எதற்கு மனப்பாடம்
என்று நான் கேட்கவில்லை.
எனக்கும் கழுத்து ஒன்றுதான்.

போகும்போது திரும்பாமலே சொன்னான்:
"கோயிலார் பேசினார்கள்.
அரசியின் அண்ணன் பேசினான்.
பேச்சு நிற்க
அவனை முன்னணியில் நிறுத்தினேன்."
ஏரியில் ஏதோ மீன் துள்ளியது.
அதற்குக்கூட அவன் திடுக்கிட்டான்.

முகம் முடிந்த அன்று மாளவ்வை வந்தாள்,
புது நன்செய்யின் சேறு காலில் காயாமல்.
நெடுநேரம் பேசவில்லை.
"மச்சம் யார் சொன்னது?"
கல்லிலேயே இருந்த புள்ளி, தாயே, என்றேன்.
"அவருக்கு அது இடப்பக்கம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
நாங்கள் வலம் என்பது சிலையின் வலம்.
அவன் சொன்னது தன் வலம்.
ஆறு முழம் தள்ளி
அரியணை உயரத்திலிருந்து
எதிரெதிரே மட்டும் பார்த்தவனின் வலம்.
ஒருநாளும் பக்கத்தில் படுத்தறியாதவனின் வலம்.
ஊர் பேசியதெல்லாம்
இவ்வளவுக்குத்தானா?

மாற்றிவிடட்டுமா, அரை நாள் வேலை, என்றேன்.
அந்த எள்ளைக் கட்டைவிரலால் அழுத்தினாள்,
கட்டிக்குப் பற்றுப் போடுவது போல.
"தப்பாகவே இருக்கட்டும்.
சரியானது என்னிடம் இருக்கிறது."

கல் நட்ட நாள். கொம்பு, பறை, மயிற்பீலி,
கள் வாசத்தில் ஈ மொய்த்த கூட்டம்.
யானையை விட்டிறங்கிச் சுற்றி வந்து
கல்லின் முன் நின்றான் கடம்பமாராயன்.
அரசியின் அண்ணன் கல்லைப் பார்க்கவில்லை,
அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அரசனின் கண் ஒரு காதுக்குப் போயிற்று.
மறு காதுக்குப் போயிற்று.
திரும்பவும் வந்தது.
வாய் திறந்தால்
ஊர் முழுக்க ஒரே கேள்வி எழும்.
"நன்று" என்றான்.
எனக்குப் பொன் இரண்டு கூடுதல்.
மாளவ்வை குனிந்தபடியே கள்ளை ஊற்றினாள்,
கலயம் காலியான பின்னும்.

தை பிறந்தால் கிழக்கே மறுபடி படை.
இப்போதே ஏழு கல் கேட்டு ஓலை வந்திருக்கிறது,
பெயருக்கு இடம் விட்டு,
இன்னும் சாகாத ஏழு பேருக்கு.
அடியில் வேறு கையெழுத்து,
ஓலை கிழிகிற அளவு அழுத்தி:
முகம் வேண்டாம்.